நிலுவையில் பன்னிரண்டு வரிகள்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

பதினோரு முறை போன் செய்துவிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்துவிடுகிறது. நீங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். அதனால் எழுதுகிறேன். கையால் எழுதிப் பல வருஷம் ஆகிறது, கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனை அடக்கம் செய்த மூன்றாம் நாளே உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் ரயில் ஏறியது தப்புதான். அன்று காலை நீங்கள் பின்கட்டில் அண்ணனுடைய வேலைச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தீர்கள். இனி யாரும் போடப் போகாத சட்டையைக் காலர் வரைக்கும் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

அம்மா சாப்பிடுகிறாளா? கண்ணுக்குச் சொட்டு மருந்து நேரத்துக்குப் போடுகிறீர்களா? இரண்டு கண்ணிலும் மூன்று வேளை.

ஒரு உதவி வேண்டும். குவாரியில் பாறைச் சுவர் சரிந்த அன்று, மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று நாற்பது வரைக்குமான உங்கள் காவல் அறை எண்தாள் நகல் கிடைக்குமா? என் ஆபீஸில் கேட்டேன். விசாரணை முடியும்வரை யாருக்கும் இல்லை என்கிறார்கள். அந்தச் சுவரைக் கண்காணிக்கும் புரோகிராமை எழுதியவள் நான், எனக்கே காட்ட மாட்டேன் என்றால் என்ன சொல்வது. வேறொன்றுமில்லை, சும்மா பார்க்கத்தான்.

உங்கள்,
கணக்கு


பிப்ரவரி 16

உன் கடிதம் வந்தது. உன் அண்ணன் வைத்த 'கணக்கு' என்ற பேரையே போட்டிருக்கிறாய்.

போனை ஏன் எடுப்பதில்லை என்றால், பேச ஆரம்பிக்கும் முன் நீ ஒரு கனைப்புக் கனைப்பாய். உன் அண்ணனும் அப்படித்தான். முன்பு அதை வைத்து நீங்கள் இரண்டு பேரும் என்னை ஏமாற்றிச் சிரிப்பீர்கள். இப்போது அந்தக் கனைப்பைக் கேட்டுவிட்டு, பிறகு உன் குரல் வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அதனால் எழுது. எழுத்தில் நீ நீயாக மட்டும்தான் இருக்கிறாய்.

அத்தை சாப்பிடுகிறார். நான் பரிமாறினால் தொட மாட்டார். மேஜையில் வைத்துவிட்டு நான் உள்ளே போய்விட வேண்டும். மருந்து போடும்போது மட்டும் முகத்தைக் காட்டுகிறார், கண்ணை மூடிக்கொண்டு. மருந்தை இமைமேல் ஊற்றச் சொல்கிறாரா என்ன என்று எனக்கு எரிச்சல் வரும். என்னோடு பேசுவது ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை, சுவர் விழுந்த நேரத்துக்கு. மூன்று நாற்பதுக்கு. கடிகாரம் கண்ணுக்குத் தெரியாது, எப்படித்தான் கண்டுபிடிக்கிறாரோ. கூடத்து நாற்காலியில் இருந்து கேட்பார்:

"சங்கு ஏன் ஊதலை?"

முதல் வாரம் பதில் சொன்னேன். "அபாயம் இல்லைன்னு திரை சொல்லுச்சு அத்தை." அதற்கு என்ன சொன்னார் தெரியுமா? "மிஷினா அவனுக்குப் பொண்டாட்டி?" அதற்கப்புறம் நான் வாயைத் திறப்பதில்லை.

குவாரியிலிருந்து ஓலை வந்துவிட்டது. அபாய அறிகுறிகளைக் கண்ணால் கண்டும் சங்கு ஒலிக்கத் தவறினேனாம். நாலு பேர் சாவுக்குக் காவல் அறைப் பணியாளர் பொறுப்பாம். அந்த நாலு பேரில் ஃபோர்மேன் அந்தப் பணியாளரின் புருஷன் என்று அந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லை. ஏப்ரல் ஐந்தாம் தேதி விசாரணை. வேலை போனதோடு விட்டால் அதிர்ஷ்டம், வழக்காகப் போனால் ஜெயில்தான் என்கிறார் யூனியன்காரர்.

தாள் கேட்டாயே, இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். என்னைக் காவல் அறையிலிருந்து வெளியே அனுப்பிய அன்று சாப்பாட்டு டப்பாவுக்குள் மடித்துக் கொண்டுவந்தேன். சும்மா பார்க்க யாரும் இப்படி ஒரு தாளைக் கேட்க மாட்டார்கள். நேராகவே கேட்கிறேன். உன் புரோகிராமில் கோளாறு உண்டா, இல்லையா?


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

தாள் வந்து சேர்ந்தது. மடிப்பில் எண்ணெய் பட்டிருக்கிறது, ஆனால் எண்கள் எல்லாம் தெரிகின்றன.

நீங்கள் கேட்டதற்கு அவசரப்பட்டு எதையும் சொல்லிவிடக் கூடாது. நான் எழுதியது என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். இரண்டு வருஷம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள், ஒரு நாளாவது நான் உட்கார்ந்து சொன்னதில்லை.

மேற்குச் சுவரில் நாற்பத்தெட்டுக் கண்ணாடிகள். எதிர்க்கரைக் கருவி பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு கண்ணாடியும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, பூஜ்யத்திலிருந்து ஒன்பதுக்குள் ஒரு எண் போடுகிறது. நாற்பத்தெட்டு எண் சேர்ந்தால் ஒரு வரி. வரிக்குக் கீழே வரி. எட்டு வருஷத்துக்கு மேலான வரிகள் ஒரே நீளத் தாளாக இருக்கின்றன, தாள் இன்னும் கீழே வளர்ந்துகொண்டே போகிறது. அந்தத் தாளுக்கு நான் போட்டது ஒரு அடைவு. புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று போட்டிருப்பார்களே, அதேதான். இங்கே சொல்லுக்குப் பதிலாகச் சதுரம். எந்த அளவில் ஒரு எண் சதுரத்தைக் காட்டிக் கேட்டாலும், தாளில் அது எங்கெங்கே வந்திருக்கிறது என்று உடனே சொல்லிவிடும்.

முடிந்த புத்தகத்துக்கு அடைவு போடுவது பெரிய காரியமில்லை. இந்தத் தாள் முடிவதே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் முதலிலிருந்து போட ஆரம்பித்தால் அந்த வேலை முடிவதற்குள் அடுத்த பத்து வரி வந்து நிற்கும். புது வரி புதிதாகக் கொண்டுவந்ததை மட்டும் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருஷம் ஆனது. வரன் வந்தபோதெல்லாம் அம்மாவிடம் அப்புறம் அப்புறம் என்று தள்ளிப்போட்டேனே, அந்த மூன்று வருஷம்.

எட்டு வருஷத்துக்கு முன் அதே சுவர் விழுந்ததல்லவா, சாப்பாட்டு நேரமாக இருந்ததால் கீழே யாரும் இல்லையே, அந்தச் சரிவுக்கு முன்னால் இடது ஓரத்தில் வந்த பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு சதுரத்தை எடுத்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வரி வந்ததும் அதை அடைவிடம் காட்டி, இன்றைக்கு இது வந்திருக்கிறதா என்று கேட்கிறோம். வந்திருந்தால் திரை சிவக்கும். வரவில்லையென்றால் 'இல்லை' என்று எழுதும்.

புரோகிராம் எழுதியபடிதான் வேலை செய்திருக்கிறது. இன்னும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்,
கணக்கு


மார்ச் 1

உண்டா, இல்லையா என்று கேட்டேன். நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய்.

பதினோரு வருஷம் அந்த அறையில் உட்கார்ந்தவள் நான். சுவரில் கண்ணாடி எத்தனை என்று எனக்கே பாடம் எடுக்கிறாய். எழுதியபடிதான் வேலை செய்ததாம். எழுதியது யார்?

இன்றும் கேட்டார். நாற்பத்து மூன்றாவது தடவை.


மார்ச் 13

அண்ணி,

உண்டு.

இதை எழுத எனக்குப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருக்கிறது. தாள் வந்த அன்று மாலைக்குள்ளேயே எனக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு பக்கத்தை உங்களுக்கு எழுதினேன். என்னைத் திட்டுங்கள்.

புது வரி கொண்டுவந்ததை மட்டும் சேர்ப்பேன் என்றேனே, அதில் ஒரு தந்திரம் இருக்கிறது. தாளின் கடைசி வரியில் வந்து முடிகிற சதுரம் ஏற்கெனவே எங்கேயோ வந்த சதுரத்தைப் போலவே இருந்தால், அதை அடைவில் உடனே எழுத மாட்டேன். நிலுவையில் நிறுத்திவைப்பேன். அடுத்த வரி வந்து பழையதிலிருந்து ஏதாவது மாறினால், அப்போது இது வேறு என்று தெரியும், எழுதுவேன். மாறாமல் பழையதையே ஒட்டிப் போனால் நிலுவையிலேயே நிற்கும். வேகம் எல்லாம் இந்தத் தள்ளிப்போடுவதில் இருந்துதான் வருகிறது. என் வாத்தியார் இதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார்.

அதனால் அடைவிடம் கேள்வி கேட்கும் முன் நிலுவையை முடித்துக் கேட்க வேண்டும். அதற்கு அடைவு முழுவதையும் ஒரு நகல் எடுத்து, நகலில் நிலுவை எல்லாவற்றையும் எழுதிவிட்டு, அதனிடம் கேட்பேன். காவல் அறையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் இதற்கு நாலு நிமிஷம் பிடித்தது. போன அக்டோபரில் அந்தப் படியை எடுத்துவிட்டேன்.

தெரிந்தேதான் எடுத்தேன். கல்லும் காற்றும் வெயிலும் சேர்ந்து எண்கள் சும்மா இருக்காது, ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரிக்குள் ஏதாவது ஒன்று மாறிவிடும், நிலுவை தானாகத் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். பத்து மாதத்து வரிகளில் ஓட்டிப் பார்த்தேன், ஒரு இடத்திலும் இரண்டு வரியைத் தாண்டவில்லை.

அன்று மூன்று மணி வரியோடு பழைய சதுரம் முழுசாக வந்துவிட்டது. மூன்று பத்து, மூன்று இருபது, மூன்று முப்பது, மூன்று வரிகளிலும் அந்த இடது ஓரம் எட்டு வருஷத்துக்கு முன்னால் போனது போலவே போயிருக்கிறது. ஒரு எண் கூட மாறவில்லை. ஒரே ஒரு எண் மாறியிருந்தால் அடைவு அதை எழுதியிருக்கும், திரை சிவந்திருக்கும். அப்படியே திரும்ப நடந்ததால்தான் எழுதவில்லை.

இந்த வாரம் வேறு வழி யோசித்தேன். நகலே வேண்டாம். நிலுவைப் பட்டியலையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் பதில் சொன்னால் போதும். இருபது வரிப் புரோகிராம். இரண்டு நொடி ஆகிறது. அக்டோபரில் ஒரு நாள் கூடுதலாக உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே தோன்றியிருக்கும்.

எனக்குத் தூக்கம் இல்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றும் தெரிகிறது.


மார்ச் 20

படித்தேன். உன் கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழிக்கலாம் என்று எழுந்தேன். யூனியன்காரர் தேவைப்படும் என்பாரே என்று வைத்துவிட்டேன். அதனால்தான் அது முழுசாக இருக்கிறது.

இப்போது என் பக்கத்தைக் கேள். இதை யாரிடமும் சொல்லவில்லை, அந்த விசாரணைக்காரரிடமும் சொல்லப்போவதில்லை.

நான் பார்த்தேன். இரண்டரை மணிக்கே இடது ஓரத்தில் மூணு மூணு நாலு, மூணு நாலு நாலு என்று இறங்க ஆரம்பித்துவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன் அந்தத் தாளைக் கையில் பிடித்திருந்தவள் நான். அந்த எண்களை நான் மறப்பேனா? மூன்று மணிக்கு எழுந்துபோய்ச் சங்குக் கைப்பிடியைப் பிடித்துவிட்டேன். அது குளிர்ந்து கிடந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. திரையைத் திரும்பிப் பார்த்தேன். 'இல்லை' என்று இருந்தது. உடனே இருந்தது, முன்பு போல இழுத்தடிக்காமல்.

போன வருஷம் மூன்று தடவை ஊதினேன், மூன்று தடவையும் சுவர் விழவில்லை. அரை நாள் வேலை நின்றது. எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். குவாரி முழுக்க எனக்குச் 'சங்கு' என்று பேர் வைத்தார்கள். கேன்டீனில் நான் நுழைந்தால் எவனாவது வாயால் ஊதிக் காட்டுவான். அன்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டது. பிறகு இன்னொன்று நினைத்தேன். நம்ம வீட்டுப் பெண் எழுதினது, அது பொய் சொல்லாது என்று நினைத்தேன். கையை எடுத்துவிட்டேன்.

மூன்று பத்து, இல்லை. மூன்று இருபது, இல்லை. மூன்று முப்பது, இல்லை. ஜன்னல் வழியாக உன் அண்ணனின் மஞ்சள் தொப்பி தெரிந்தது. ஒரு தடவை நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்துக் கையைக் காட்டினார். நானும் காட்டினேன்.

உன் எண் ஒன்றுகூட மாறவில்லை என்று எழுதுகிறாய். எனக்கு என் கண் போதுமாக இருந்தது. நான் உன்னை நம்பி என் கண்ணை விட்டேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நாலு நிமிஷம் யாருக்கு அவசரம்? நான் கேட்கவில்லை. யார் கேட்டு அதை எடுத்தாய்? உன் மேலாளரா?

ஏப்ரல் ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்கு. நீ வந்து சொல்வாயா மாட்டாயா?


மார்ச் 29

அண்ணி,

வருகிறேன். சொல்கிறேன்.

மேலாளரிடம் போன வாரமே சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். "இதே புரோகிராம் இன்னும் அஞ்சு இடத்துல ஓடுது. இப்ப திருத்தி அனுப்பினா முன்னாடி தப்பா இருந்துச்சுன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். அடுத்த பதிப்புல சத்தமில்லாம சேர்த்துடலாம்"னார். அடுத்த பதிப்பு செப்டம்பரில். ஐந்து சுவர்களுக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்டேன். "நீ நல்லா இருக்கணும்னுதான் சொல்றேன்" என்றார்.

நேற்று மதியம் ஐந்து காவல் அறைகளுக்கும் என் பேரைப் போட்டே அந்த இருபது வரிகளை அனுப்பிவிட்டேன். என்ன கோளாறு என்பதையும் எழுதிவிட்டேன். சாயங்காலமே என் நுழைவு அட்டை வேலை செய்யவில்லை. மேஜையில் இருந்ததை அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

யார் கேட்டார்கள் என்பதை மட்டும் கேட்காதீர்கள். எடுத்தது என் கை. விசாரணையிலும் அப்படித்தான் சொல்வேன்.


ஏப்ரல் 11

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை, பார்க்காத மாதிரி இருந்தாய் என்றும் வைத்துக்கொள்ளலாம். இளைத்துத் துரும்பாகியிருக்கிறாய். விசாரணைக்காரர் மூன்று தடவை கேட்டார், வேகத்தைக் கூட்டச் சொன்னது யார் என்று. நீ மூன்று தடவையும் "நானாத்தான் எடுத்தேன்" என்றாய். பிறகு பக்கத்துக் கதவு வழியாகப் போய்விட்டாய். வீடு அங்கிருந்து இருபது நிமிஷ நடை. உன் அம்மா அங்கே உட்கார்ந்திருந்தார்.

என் மேல் போட்ட குற்றத்தை விலக்கிக்கொண்டார்கள். காகிதம் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் அத்தையிடம் வந்து, "உங்க மருமக மேல தப்பில்லையாம், மிஷின் கோளாறாம்" என்று சத்தமாகச் சொன்னார். அத்தை தலையை ஆட்டினார். மூன்று நாற்பதுக்கு வழக்கம்போலக் கேட்டார்.

இன்று காலை குவாரியிலிருந்து உன் அண்ணனுடைய அலமாரிச் சாமான்களைக் கொடுத்தார்கள். ஒரு ஜோடி கையுறை, சீப்பு, பாக்கெட் நோட்டு. அந்த நோட்டில் எதை வேண்டுமானாலும் குறித்துவைப்பார், உனக்குத் தெரியும். வெடி எண்ணிக்கைக்குக் கீழே அக்டோபர் பன்னிரண்டாம் தேதியில் எழுதியிருக்கிறார்: 'கணக்குக்கு போன். நாலு நிமிஷம்.'

தேதியை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்டோபரில் திரை வேகமாக வர ஆரம்பித்தபோது, "பாத்தியா, உன் நாத்தனார் உனக்காகச் செஞ்சது" என்று என்னிடமே பீற்றிக்கொண்டார். அவர் செத்ததிலிருந்து அவர் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. இன்று வந்தது. மதியம் முழுக்க அந்தச் சட்டையைப் பார்த்துத் திட்டினேன், அத்தைக்குக் கேட்டிருக்கும்.

அவர் என்ன சொன்னார் என்று எழுது. ஒன்றையும் விடாமல் எழுது. அம்மாவுக்கும் நீயே சொல், என்னால் உனக்காகச் சொல்ல முடியாது.


ஏப்ரல் 27

அண்ணி,

ஒன்றையும் விடாமல் எழுதச் சொன்னீர்கள்.

கனைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தான். "ஏய் கணக்கு, உன் திரை என்ன இப்படி அசைபோடுது? வரி வந்து நாலு நிமிஷம் கழிச்சுத்தான் பதில் சொல்லுது. அந்த நாலு நிமிஷத்துல உங்க அண்ணிக்குக் கை துறுதுறுங்குது, சங்கை இழுத்துடறா. இங்க எல்லாரும் என்னைச் சங்கு வீட்டுக்காரன்னு கூப்பிடறானுங்க. இன்னொரு தடவை ஊதினா அவ வேலைக்கே உலை வெச்சிடுவாங்க. ஏதாவது பண்ணேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். உங்கள் வேலையைக் காப்பாற்றத்தான் கேட்டான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் அவனிடம் அந்த நாலு நிமிஷம் எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பான். சின்ன வயசிலிருந்து நான்தான் அவனிடம் எதையாவது கேட்டிருக்கிறேன். அவன் என்னிடம் கேட்டது அந்த ஒரு தடவை. உடனே சரி என்று சொல்ல ஆசையாக இருந்தது. சொன்னேன்.

அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அண்ணன் கேட்டதை அதில் எழுதவில்லை, என் தப்பு மட்டும் இருக்கிறது. அவளால் படிக்க முடியாது, நீங்கள்தான் படித்துக் காட்ட வேண்டும். உங்களைப் போய் இதைச் செய்யச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று தெரிகிறது. நேரில் வந்து அவள் முகத்துக்கு முன்னால் நின்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என்னை ஏசுவாள் என்ற பயம் இல்லை. ஏசாமல் இருந்துவிடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.

கணக்கு


மே 14

உனக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் பெட்டிக்குள் வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை மருந்து போட்டுவிட்டு, "உங்க பொண்ணு எழுதியிருக்கா, படிக்கவா?" என்று கேட்டேன். சரி என்று தலையாட்டினார். முழுசாகப் படித்தேன். ஒரு சொல் விடவில்லை, ஒரு சொல் சேர்க்கவும் இல்லை. உன் அண்ணன் போன் செய்ததை நடுவில் நானே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. உன் அண்ணனுக்காக விட்டுவிட்டேன்.

படித்து முடித்ததும் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். மருந்து வழிந்ததா, அழுதாரா, எனக்குத் தெரியவில்லை. பிறகு பேசினார். நாலு மாதத்தில் என்னிடம் அவ்வளவு பேசியதே இல்லை.

"பாவம், புள்ள அங்க தனியா எப்படித் துடிச்சுதோ. அவளுக்கு வேலையும் போயிடுச்சா? சாப்பாட்டுக்கு என்ன பண்றா? கூட யாராவது இருக்காங்களா? ஒண்ணும் மனசுல வெச்சுக்க வேணாம்னு எழுது. தெரிஞ்சா செஞ்சா? வேலை செய்யற கை, தவறத்தான் செய்யும். அம்மா இருக்கேன்னு எழுது."

எழுதிவிட்டேன், அவர் சொன்னபடியே.

உன்னை மன்னிக்க அவருக்கு ஒரு காலை நேரம் போதுமாக இருந்தது. எனக்கு அழுகையும் வந்தது, ஒரு பக்கம் பாரமும் குறைந்தது. இனி என்னைக் கேட்க ஒன்றுமில்லை அல்லவா? மதியம் சமையலை முடித்துவிட்டு, முகம் கழுவி, நானாகவே கூடத்தில் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். இத்தனை நாளில் நான் அப்படி உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஏதாவது சொல்வார், தண்ணீர் கேட்பார், என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாற்பது ஆனது.

"சங்கு ஏன் ஊதலை?"

அதே குரல், அதே சொல். புதன்கிழமையும் கேட்டார். இன்றும் கேட்டார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. உன்னைப் பெற்றார், என்னைப் பெறவில்லை. கோபமே இல்லை என்றால் பொய். நெஞ்சு எரிகிறது. நானும் புருஷனைப் பறிகொடுத்தவள் என்று இந்த வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை, உன் கடிதங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எடுத்துப் படித்துப் பார், நீ ஒரு தடவைகூட நான் சாப்பிடுகிறேனா என்று கேட்டதில்லை.

எனக்கு வேறு குவாரியில் வேலை கிடைத்திருக்கிறது. இங்கிருந்து பஸ்ஸில் ஆறு மணி நேரம். அங்கேயும் ஒரு சுவர், ஒரு காவல் அறை. உன்னுடைய ஐந்தில் ஒன்று அது, நீ சேர்த்த இருபது வரிகளோடு ஓடுகிறது. திரையைப் பார்ப்பேன், ஆனால் என் கண்ணில் பட்டால் ஊதுவேன், எத்தனை தடவை என்று எவரும் கணக்கு வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சரி என்றார்கள். இருபத்தைந்தாம் தேதி சேர வேண்டும்.

அதற்கு முன்னால் நீ வந்துவிடு. தைரியம் இல்லை என்றெல்லாம் எழுதாதே, ரயில் ஏறு. மருந்து மூன்று வேளை, இரண்டு கண்ணிலும். கண்ணை மூடிக்கொள்வார், இமையை நீதான் விரலால் பிடிக்க வேண்டும். இரவு வெந்நீர் வேண்டும். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன், உள்ளே பூட்டிக்கொள்கிறார். சட்டையை நான் எடுத்துக்கொண்டு போகிறேன், தேடாதே.

தினமும் மூன்று நாற்பதுக்குக் கேட்பார். நீ பக்கத்தில் இரு, இனி நீ பதில் சொல்.